பாடத்திட்டத்தில் சிவப்புப் பென்சில்

சென்ற ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, முப்பது வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கணிதம் படித்து, இப்போது ஒரு கூட்டுறவு வங்கியில் மேலாளராக இருக்கும் நண்பர் ஒருவர், தம் குமாரனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வருஷத்தை முடித்திருந்தான். பாடத்திட்டத்தை அச்செடுத்து நூல் கோத்துக் கையில் வைத்திருந்தான். அதில் நிதி, முதலீடு, வங்கி என்ற சொற்கள் எங்கெங்கே தென்பட்டனவோ அங்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான்.

"சார், மேலே குவாண்ட் ஃபைனான்ஸ் படிக்கணும்கிறான். பாக்கி ரெண்டு வருஷத்துல எந்தெந்தப் பேப்பர் எடுத்தா அதுக்கு உதவும்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்" என்றார் தகப்பனார்.

நான் அந்தக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தேன். வட்டம் போட்டிருந்த பாடங்களில் பெரும்பாலானவை, பட்டம் பெற்ற பிறகு ஒரு கோடை விடுமுறையில் தானே வாசித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. வட்டம் போடாமல் விட்டிருந்தவையோ, இளமையில் ஆசிரியர் ஒருவரின் முன்னிலையில் திரும்பத் திரும்பத் தப்புச் செய்து திருந்தாவிட்டால் பிற்காலத்தில் எளிதில் கைவராதவை. பையனுக்கு விஷயம் புரிய வேண்டுமானால், குவாண்ட் என்று சொல்லப்படுகிறவர் என்னதான் செய்கிறார் என்பதை முதலில் கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

ஆப்ஷனுக்கு விலை காண்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அந்தச் சொல்லை இன்று டீக்கடை பெஞ்சிலும் கேட்கலாம். நம் தேசியப் பங்குச் சந்தையில் நிஃப்டி ஆப்ஷன் வியாபாரம் 2001-ஆம் வருஷம் தொடங்கிற்று. ஒரு பங்கை, குறித்த நாளில், குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை ஆப்ஷனில் ஒரு வகை. வாங்கித்தான் தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அந்த உரிமைக்கு இன்று என்ன விலை கொடுக்கலாம் என்பதுதான் கேள்வி. நாட்காட்டியின் தாள் ஒன்றைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினேன். பங்கின் விலை இன்று 100 ரூபாய். ஒரு மாதம் கழித்து அது 120 ஆகலாம், அல்லது 80 ஆகலாம். மூன்றாவது வழி கிடையாது என்று வைத்துக்கொள்வோம். வட்டியையும் இப்போதைக்கு மறந்துவிடுவோம். 100 ரூபாய்க்கு வாங்கும் உரிமை உன்னிடம் இருந்தால், விலை ஏறினால் உனக்கு 20 ரூபாய் லாபம், இறங்கினால் ஒன்றும் இல்லை. விலை ஏறுவதற்குப் பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு உண்டு என்று எல்லாரும் நம்புகிறார்கள். தம்பி, உரிமையின் விலை என்ன?

"பதினெட்டு, சார்" என்றான் பையன், சற்றும் தயங்காமல்.

"பத்து" என்றேன்.

தகப்பனாரும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உரிமையை விற்பவன், பாதிப் பங்கு வாங்கிக்கொண்டு, 40 ரூபாய் கடன் வைத்துக்கொள்ளட்டும். விலை ஏறினால் பாதிப் பங்கு 60 ஆகும். கடன் போக 20. இறங்கினால் அது 40 ஆகும்; கடன் போகச் சுழி. உரிமை தருவதையே இந்தக் கலவையும், இரண்டு நிலைகளிலும் ஒரு பைசா வித்தியாசமின்றித் தருகிறது. இதை உண்டாக்க இன்று கையிலிருந்து ஆகும் செலவு 50 கழித்தல் 40, அதாவது 10. உன்னிடம் 18 ரூபாய்க்கு உரிமையை விற்றவன், அதில் பத்தை இந்தக் கலவைக்குச் செலவிட்டு, மிச்சம் 8 ரூபாயை, பங்கு ஏறினாலும் இறங்கினாலும் கவலையின்றிப் பையில் போட்டுக்கொள்வான். பத்தில் ஒன்பது என்ற வாய்ப்பு கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனித்தாயா என்று கேட்டேன். காக்ஸ், ராஸ், ரூபின்ஸ்டைன் என்ற மூவர் 1979-இல் வெளியிட்ட முறையின் ஒரே ஒரு படி இது. இத்தகைய படிகளை ஆயிரக்கணக்கில் அடுக்கி, ஒவ்வொன்றின் காலத்தையும் குறுக்கிக்கொண்டே போனால், ஃபிஷர் பிளாக்கும் மைரன் ஷோல்ஸும் 1973-இல் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரம் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கில் நிதி எங்கே இருக்கிறது என்று தேடினால், இரண்டு சமன்பாடுகளும், பங்கு எவ்வளவு, கடன் எவ்வளவு என்ற இரண்டு அறியாக் கணியங்களும்தான் அகப்படும். சந்தையில் ஒரு பங்குக்குப் பதில் ஐந்நூறு பங்குகள் இருக்கும்போது அந்த இரண்டு சமன்பாடுகளே பெரிய அணியாக விரிகின்றன. அதைக் கையாளும் சாஸ்திரத்துக்கு நேரியல் இயற்கணிதம் என்று பெயர். பையனின் பாடத்திட்டத்தில் அது மூன்றாம் வருஷத்தில், வட்டமில்லாமல், ஓர் ஓரத்தில் கிடந்தது.

அந்தப் பாடத்தை அலட்சியம் செய்கிறவர்களுக்கு நேரக்கூடிய ஓர் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐந்நூறு பங்குகள் ஒன்றோடொன்று எப்படிச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை அளக்க, 1,25,250 வெவ்வேறு எண்கள் கொண்ட ஓர் அணி தேவை. சந்தை வருஷத்தில் ஏறக்குறைய 250 நாட்கள்தான் திறந்திருக்கிறது. ஒரு வருஷத்து விலைகளை மட்டும் வைத்து அந்த அணியைக் கட்டினால், 250 நாட்களின் செய்திக்கு மேல் அதில் இருக்க முடியாது. ஆகவே, ஆபத்து சுழி என்று காட்டும் பங்குக் கலவைகள் அதற்குள் நூற்றுக்கணக்கில் முளைத்துவிடும். உண்மையில் அவற்றுக்கும் ஆபத்து உண்டு. கணக்குக்குத்தான் அது தெரியாது. மிகக் குறைந்த ஆபத்துள்ள கலவையைத் தேடு என்று கணினிக்குக் கட்டளையிட்டால், அது நேராகப் போய் இந்தப் பொய்க் கலவைகளில் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டு வரும். அணியின் தரம் (ராங்க்) என்றால் என்ன என்பதைப் பரீட்சைக்காக அன்றிப் புரிந்துகொள்வதற்காகப் படித்தவன், கணினியை இயக்குவதற்கு முன்பே இந்த அனர்த்தத்தைக் கண்டுகொள்வான்.

பிளாக்கின் கதை, பாடங்களைத் தேர்ந்தெடுக்கிற மாணவர்கள் அனைவரும் அறிய வேண்டியது. அவர் ஹார்வர்டில் பௌதிகத்தில் பட்டம் பெற்று, அங்கேயே பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றவர். ஆப்ஷனின் விலை எந்தச் சமன்பாட்டுக்கு உட்பட்டது என்பதை 1969-ஆம் வருஷத்திலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார். ஆனால் அதைத் தீர்க்கத் தெரியாமல் நின்றுவிட்டார். வகைக்கெழுச் சமன்பாடுகளில் தாம் அதிகக் காலம் செலவிட்டதில்லை என்றும், பௌதிகப் பட்டதாரியாக இருந்தும் எதிரே நிற்பது வெப்பப் பரவல் சமன்பாடுதான் என்று தமக்கு அடையாளம் தெரியவில்லை என்றும் பிற்காலத்தில் அவரே வெளிப்படையாக எழுதினார். ஃபூரியே அந்தச் சமன்பாட்டை ஆராய்ந்து நூல் வெளியிட்டது 1822-இல். கம்பியின் ஒரு முனையைச் சுடவைத்தால் சூடு மறுமுனைக்கு எப்படிப் பரவும் என்று கூறும் அதே சமன்பாடு, காலத்தைப் பின்னோக்கித் திருப்பி, விலைக்கு மடக்கை எடுத்துச் சற்றே வேஷம் மாற்றினால், ஆப்ஷனின் விலையைச் சொல்லிவிடுகிறது. பிற்பாடு ஷோல்ஸோடு சேர்ந்து வேறொரு யுக்தியால் அவர் விடையை எட்டினார் என்பது மெய்தான். ஆனாலும், பட்டத்தின் பெயரைவிடப் படித்த பாடத்தில் மனம் எவ்வளவு தோய்ந்தது என்பதே பயன்படுகிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சியம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஷோல்ஸ் பொருளாதாரம் படித்தவர். இவர்களோடு சேர்த்து எண்ணப்படும் ராபர்ட் மெர்ட்டன், கொலம்பியாவில் இளநிலையில் பொறியியல் கணிதம் படித்துவிட்டு, பிறகுதான் எம்.ஐ.டி.க்குச் சென்று பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். ஆக, எதைக் கேட்பது என்பதைப் பொருளாதாரமும், எப்படி விடை காண்பது என்பதைக் கணிதமும் கொடுத்தன. ஷோல்ஸுக்கும் மெர்ட்டனுக்கும் 1997-இல் நோபல் பரிசு கிடைத்தது. பிளாக் அதற்கு இரண்டு வருஷம் முன்பே காலமாகிவிட்டார்.

இனி, மாணவர்கள் பயந்து ஓடும் ரியல் அனாலிசிஸ் பாடத்துக்கு வருகிறேன். இது விஷயத்தில் எனக்கே ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. நான் உத்தியோகத்தில் இருந்த காலத்தில், பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில், பரீட்சைக்கு வரக்கூடிய பன்னிரண்டு தேற்றங்களைப் பொறுக்கி, நோட்ஸ் எழுதவைத்து, அவற்றை மனப்பாடம் செய்யும்படி விட்டுவிட்டேன். என் பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். தொடர்ச்சியான ஒரு வளைகோட்டுக்கு எந்தப் புள்ளியிலும் சாய்வு இல்லாமல் இருக்கக் கூடுமா என்று கேட்டால், அவர்களில் எத்தனை பேர் பதில் சொல்லியிருப்பார்கள் என்பதை நினைக்கவே கூச்சமாக இருக்கிறது.

பங்கு விலைக்கு உதாரணமாகக் கணித நிபுணர்கள் எடுத்துக்கொள்ளும் பிரௌனியன் இயக்கம் அப்படிப்பட்ட வளைகோடுதான். பாரிஸில் லூயி பாஷெலியே என்பவர் 1900-ஆம் வருஷம் தம் ஆய்வேட்டில் அதைப் பங்குச் சந்தைக்குப் பொருத்திப் பார்த்தார். ஐன்ஸ்டைன் அதே இயக்கத்தைப் பற்றி எழுதியது ஐந்து வருஷம் கழித்துத்தான். அதன் விசித்திரத்தைச் சிறிய எண்களால் காட்டலாம். ஒரு நாளில் அது ஓர் அடி நகரும் என்றால், நாளின் நூற்றில் ஒரு பாகத்தில் நூற்றில் ஓர் அடி அல்ல, பத்தில் ஓர் அடி நகரும். பத்தாயிரத்தில் ஒரு பாகத்தில் நூற்றில் ஓர் அடி நகரும். காலத்தைக் குறுக்கக் குறுக்கச் சாய்வு பத்தாகவும் நூறாகவும் ஏறிக்கொண்டே போகிறதே அல்லாமல் ஓர் எல்லையில் நிலைகொள்வதில்லை. மேலும், சாதாரண வளைகோட்டில் நூறு சிறு நகர்வுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் நூற்றில் ஒன்றுதான் தேறும். துண்டுகளைச் சிறிதாக்கினால் அதுவும் மறைந்துவிடும். இங்கேயோ, பத்தில் ஒன்றின் வர்க்கம் நூற்றில் ஒன்று, அதை நூறு முறை கூட்டினால் ஒன்று; பத்தாயிரம் துண்டுகளாக்கினாலும் அதே ஒன்று. மறைய வேண்டியது மறையாமல் நிற்பதால், நாம் முதல் வருஷத்தில் படித்த நுண்கணிதத்தின் விதிகள் இங்கே செல்லுபடியாவதில்லை. அந்த மறையாத பாகத்துக்கு ஓர் உறுப்பைக் கூடுதலாகச் சேர்த்துத்தான், ஜப்பானின் அரசாங்கப் புள்ளிவிவர அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்த கியோசி இட்டோ, இரண்டாம் உலக யுத்தத்தின் நடுவில் ஒரு புதிய நுண்கணிதத்தையே அமைத்தார். எல்லை, தொடர்ச்சி, வகைமை ஆகியவற்றைச் சூத்திரங்களாக மட்டும் பழகியவனுக்கு இட்டோவின் விதி ஒரு மந்திரம். ரியல் அனாலிசிஸை மெய்யாகப் படித்தவனுக்கு அது ஒரு நியாயம்.

நிகழ்தகவுப் பாடத்தைப் பற்றி அதிகம் விவரிக்கத் தேவையில்லை. அது இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனால் சீட்டுக்கட்டும் பகடையும் மட்டும் போதாது. தொகையிடலைக் கொண்டு பரவல்களைக் கையாளும் நிகழ்தகவையே மேற்படிப்பு நடத்துகிறவர்கள் எதிர்பார்க்கிறார்கள். நம் கல்லூரிகளில் பலவற்றில் துணைப்பாடமாகப் பௌதிகத்தையோ கணிதப் புள்ளியியலையோ எடுத்துக்கொள்ளலாம். இந்தப் பையனைப் போன்றவர்கள் புள்ளியியலை எடுப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் அலைந்து திரியும் இரண்டு எண் வரிசைகளை ஒப்பிட்டாலும் நெருங்கிய உறவு இருப்பதுபோல் தோன்றக்கூடும் என்பதை உட்னி யூல் என்ற பிரிட்டிஷ் புள்ளியியல் நிபுணர் 1926-லேயே எடுத்துக்காட்டினார். அந்தப் பொறியில் இன்றும் நாள்தோறும் யாரேனும் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

கணினி நிரல் எழுதத் தெரிய வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பைத்தானும், இயன்றால் சி பிளஸ் பிளஸும் பழகட்டும். அத்தோடு எண்ணியல் முறைகள் என்ற பாடத்தையும் விட்டுவிடக் கூடாது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால், விடையின் பதினேழாவது தசமத்தில் ஒரு 4 வந்து உட்கார்ந்திருக்கும். கணினி எண்களை இரண்டின் அடுக்குகளால் எழுதி வைப்பதால் பத்தில் ஒன்றை அதனால் பூரணமாக எழுத முடிவதில்லை. தற்செயல் எண்களைப் பரீட்சித்து விலை காணும் மான்டி கார்லோ முறையில், பிழையைப் பாதியாகக் குறைக்க நான்கு மடங்கு வேலையும், இன்னும் ஒரு தசமம் துல்லியம் வேண்டுமானால் நூறு மடங்கு வேலையும் ஆகும். இவற்றை அறியாதவன் இரவு முழுவதும் இயந்திரத்தை ஓடவிட்டுக் காலையில் தப்பான விடையோடு எழுந்திருப்பான்.

"அப்போ நான் வட்டம் போட்டதெல்லாம் வேண்டாமா, சார்?" என்று பையன் பரிதாபமாகக் கேட்டான்.

எல்லாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொருளாதாரத்தில் ஒரு பேப்பர் எடுக்கட்டும். ஐந்தொகையை வாசிக்கத் தகப்பனாரே சொல்லிக்கொடுப்பார். மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்காளிகளாக இருந்த ஒரு நிதி நிறுவனம், 1998-இல், ரஷ்யா தன் கடனைக் கட்டாமல் நின்றபோது, சில மாதங்களில் 400 கோடி டாலருக்கு மேல் இழந்து, பதினான்கு வங்கிகள் சேர்ந்து பணம் போட்டுத் தாங்கிப் பிடிக்க வேண்டிய நிலைக்கு வந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க ஓடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பங்குகளும் சேர்ந்து விழும் என்பதை அணிகள் சொல்வதில்லை. பொருளாதார சரித்திரம் சொல்லும். இப்படி ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டியதில்லை. மேற்படிப்பில் இந்த விஷயங்களை முதலிலிருந்தே கற்பிக்கிறார்கள்; நேரியல் இயற்கணிதத்தை அங்கே யாரும் முதலிலிருந்து கற்பிப்பதில்லை.

மேற்படிப்பு என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வழிகள் உண்டு. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் 1994-இல் தொடங்கியதைப் போன்ற, உத்தியோகத்தை உத்தேசித்த முதுநிலைப் படிப்புகள் ஒரு வகை. அங்கே ஆசிரியராக இருந்த ஸ்டீவன் ஷ்ரீவ் நிதிக் கணிதம் பற்றி எழுதிய நூலின் இரண்டு பாகங்களில், நான் நாட்காட்டித் தாளில் போட்ட கணக்கின் விஸ்தாரமே முதல் பாகம். பையன் அதை இப்போதே தொடங்கலாம். இத்தகைய படிப்புகளுக்குச் செலவு அதிகம். மூன்று வருஷப் பட்டத்தை ஏற்பதும் ஏற்காததும் இடத்துக்கு இடம் மாறுவதால், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். டாக்டர் பட்டத்துக்குப் போவது மற்றொரு வழி; அதற்கு அளவைக் கோட்பாடு வரை செல்லும் சுத்தக் கணிதம் அவசியம். நம் நாட்டிலேயே, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் புள்ளியியல் கழகமும், சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகமும் பலமான அஸ்திவாரம் போட்டுக்கொடுக்கின்றன. அவற்றின் நுழைவுத் தேர்வுகளில் விடைக்கு மட்டுமல்ல, நிரூபணத்துக்கும் மதிப்பு உண்டு.

இவ்விடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. சென்னையில் 1940-இல் பிறந்த ஸ்ரீநிவாஸ வரதன், மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்து, இந்தியப் புள்ளியியல் கழகத்தில் சி.ஆர். ராவிடம் ஆய்வு செய்து, பிறகு நியூயார்க்கின் கூரன்ட் கழகத்துக்குச் சென்று, நிகழ்தகவில் செய்த சாதனைக்காக 2007-இல் ஆபெல் பரிசு பெற்றார். மிக அபூர்வமாக நிகழும் பெரிய விலகல்களுக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அளக்கும் அவருடைய கோட்பாடு, இன்று காப்பீட்டிலும் நிதி ஆபத்துக் கணக்கிலும் எடுத்தாளப்படுகிறது. அதே கூரன்ட் கழகத்தில் நிதிக் கணிதத்துக்கென்று ஒரு முதுநிலைப் படிப்பும் நடக்கிறது. அவருடைய இளநிலைப் பாடங்களில் நிதி என்ற சொல் தலைகாட்டியிருக்க நியாயமில்லை.

இருட்டிவிட்டது. காபி சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். பையன் அந்த நாட்காட்டித் தாளைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்று நாள் கழித்து, மத்தியானம் நான் கண்ணயரப் போகும் வேளையில், தனியாக வந்து கதவைத் தட்டினான்.

"சார், நீங்க வட்டியை விட்டுட்டீங்க. மாசம் ஒரு பர்சென்ட் வச்சா பத்து ரூபா நாற்பது காசு வருது. சரிதானே?"

சரிதான் என்றேன்.

"ஆனா சார், விலை 120, 80 மட்டுமில்லாம 100-லேயே நின்னுட்டா? அதையும் சேர்த்து மூணு சமன்பாடு எழுதிப் பார்த்தேன். பாதிப் பங்கும் நாற்பது ரூபா கடனும் நடுவில பத்து ரூபா காட்டுது, ஆனா அங்க சுழி வரணும். எப்படி மாத்தினாலும் ஒண்ணு சரியானா இன்னொண்ணு தப்பாகுது. நான் எங்கே தப்புப் பண்றேன்?"

தப்பு எங்கும் இல்லை. அறியாக் கணியங்கள் இரண்டு, சமன்பாடுகள் மூன்று. அவன் கொண்டுவந்திருந்த பாடத்திட்டத்தை வாங்கி மூன்றாம் வருஷத்துப் பக்கத்தைத் திருப்பி, சிவப்புப் பென்சில் இருக்கிறதா என்று கேட்டேன்.